ஹமீது நானா என்னிடம் கேட்ட மன்னிப்பு

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து, சட்டையில் அத்தர் வாசனையோடு ஹமீது நானா என் வீட்டுக்கு வந்தார். திருமலைராயன்பட்டினத்திலிருந்து காரைக்கால்வரை மொபெட்டில் வந்ததில் முகம் கருத்துப் போயிருந்தது. என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“சுந்தரம், ஹஜ்ஜுக்குப் போறேன்ப்பா. மவன் ஏற்பாடு பண்ணிட்டான். அடுத்த வாரம் பயணம்.”

“ரொம்ப சந்தோஷம் நானா. நல்லபடியா போயிட்டு வாங்க.”

“அதுக்கு முன்னால உங்கிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போகணும்னுதான் வந்தேன். எத்தனை வருசப் பழக்கம் நமக்கு! தெரிஞ்சோ தெரியாமலோ உனக்கு ஏதாச்சும் தப்பு பண்ணியிருப்பேன். மனசு நோக ஒரு சொல்லு சொல்லியிருப்பேன். உன் ஹக்கு எதுவும் எங்கிட்ட தங்கியிருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்கப்பா.”

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் சொந்தக்காரர், சிநேகிதர், பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர் என்று ஒருவர் விடாமல் தேடிப்போய் மன்னிப்புக் கேட்பார்கள். ஹக்கு என்றால் ஒருவருக்குச் சேர வேண்டிய உரிமை. ஆண்டவனுக்குச் செய்த பிழையை ஆண்டவன் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க முடியும் என்பது அவர்கள் நம்பிக்கை.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தேன். அந்த மனிதர் எனக்கு ஒரு தப்பும் செய்ததில்லை. தப்புச் செய்தவன் நான். அவருடைய பிழைப்பையும் பெயரையும் கெடுத்தவன் நான். அது அவருக்குத் தெரியாது. தெரியாமல்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இத்தனை வாரமாக இந்தப் பக்கங்களில் எஞ்சின்களைப் பற்றி அளந்துகொண்டே வந்திருக்கிறேன். ‘உங்களைப் பற்றி எழுதச் சொன்னால் மெஷினைப் பற்றியே எழுதுகிறீர்களே’ என்று ஒரு வாசகர் கோபித்துக்கொண்டு கடிதம் போட்டிருந்தார். நியாயமான கோபம். என்னைப் பற்றி எழுத வேண்டிய ஒரே விஷயத்தைத் தள்ளிப்போடத்தான் அவ்வளவும் எழுதினேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன். ஆனாலும் கொஞ்சம் எஞ்சின் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளக்கெண்ணெய் குடித்த எஞ்சின்

நானும் ஹமீது நானாவும் பழகியது சென்னையில், விமானப் பராமரிப்புப் பயிற்சிப் பள்ளியில். நான் நெடுங்காட்டு விவசாயி மகன். அவர் பட்டினத்துக்காரர், பாட்டன் காலத்தில் கப்பல், வாப்பா காலத்தில் கடை, அவர் காலத்துக்கு வந்தபோது கடையும் இல்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அந்த வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள். நானும் முதல் நாளிலிருந்து அப்படியே கூப்பிட்டேன்.

பள்ளியின் பின்புறக் கொட்டகையில் ஒரு பழைய பிஸ்டன் எஞ்சின் இருந்தது. நடுவில் தண்டு, சுற்றிலும் நட்சத்திரம் மாதிரி ஒன்பது சிலிண்டர்கள். சும்மா நின்றால் எண்ணெய் மெல்ல இறங்கிக் கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். கிளப்புவதற்கு முன் முன்னாலிருக்கும் காற்றாடியைக் கையால் சுற்றி அதை வெளியேற்ற வேண்டும். தினமும் காலையில் நானும் அவரும்தான் அந்த வேலைக்கு. அவர் ஒரு இறக்கையைத் தள்ளுவார், நான் அடுத்த இறக்கையைப் பிடிப்பேன். பசித்த வயிற்றோடு பத்துச் சுற்றுத் தள்ளினால் மெஸ்ஸில் எத்தனை இட்லி வைத்தாலும் இறங்கும்.

அதற்கும் முந்தைய கதை இன்னும் வேடிக்கை. மனிதனை முதலில் தூக்கிய எஞ்சினுக்கு இன்றைய மோட்டார் சைக்கிள் அளவுக்குத்தான் சக்தி. சக்தியைக் கூட்டினால் சூடு ஏறியது. தண்ணீர் விட்டு ஆற்றினால் எடை ஏறியது. என்னடா செய்வது என்று எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தண்டை அசையாமல் நிறுத்திவிட்டு எஞ்சினையே சுற்றவிட்டார்கள். மொத்த எஞ்சினும் காற்றாடியோடு சேர்ந்து கிறுகிறுவென்று சுற்றும். காற்றுப் பட்டுத் தானே ஆறிக்கொள்ளும்.

அந்த எஞ்சினுக்கு ஊற்றிய எண்ணெய் சாட்சாத் நம்ம விளக்கெண்ணெய். பாதி எரியாமல் வெளியே வந்து ஓட்டுகிறவன் முகத்தில் அடிக்கும். மூச்சோடு வயிற்றுக்குள்ளும் போகும். போனால் என்ன ஆகும் என்று நம் ஊர்த் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாத்தியார் இதைச் சொல்லி முடித்ததும் ஹமீது நானா எழுந்து நின்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

“சார், அப்ப முதல் உலகப் போர் ஆகாசத்துல முடிவாகலை. கக்கூஸ்லதான் முடிவாகியிருக்கு.”

வகுப்பு உருண்டு சிரித்தது. வாத்தியாரும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். அப்படிப்பட்ட ஆள் அவர். வாயைத் திறந்தால் பக்கத்தில் இருக்கிறவனுக்கு வயிறு வலிக்கும்.

சீனியும் கல்கண்டும்

சில வருஷம் இங்கே அலைந்துவிட்டு, இருவரும் ஒன்றன்பின் ஒன்றாக வளைகுடா நாடு ஒன்றுக்குப் போனோம். விமான எஞ்சின்களைப் பிரித்து, சோதித்து, மறுபடி பூட்டும் பெரிய பட்டறை. அவர் முதலில் போனார். அவர் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். இதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

ஜெட் எஞ்சினின் தத்துவம் சோறு வடிப்பதைவிட எளிது. முன்பக்கம் காற்றை இழு, அமுக்கு, எண்ணெய் தெளித்துக் கொளுத்து, பின்பக்கம் விடு. வெளியே ஓடுகிற அந்தக் காற்று போகிற போக்கில் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகும். முன்னால் காற்றை இழுக்கிற சக்கரத்தை அதுதான் சுற்றுகிறது. இரண்டு தேசங்களில் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் அறியாமல், ஏறக்குறைய ஒரே காலத்தில் இதைச் செய்தார்கள். அப்புறம் அந்த இரண்டு தேசமும் சண்டை போட்டுக்கொண்டன.

சொல்வது எளிது, செய்வதுதான் பாடு. போர்க்காலத்தில் வந்த முதல் ஜெட் எஞ்சின்களில் சில, ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே கழற்றிப் போடும்படி ஆயின. அந்தச் சக்கரத்தில் வரிசையாகச் செருகியிருக்கும் பிளேடுகள் நெருப்பில் நின்று நின்று நீண்டுபோகும், விரியும், உடையும். அதற்குப் பின்னால் வந்த எஞ்சின் சரித்திரம் முழுவதும், என்னைக் கேட்டால், ஒரே கேள்விக்குப் பதில்தான்: இந்தப் பிளேடை எப்படிச் சாகாமல் வைத்திருப்பது?

நிக்கல் கலந்த உலோகம் வந்தது. பிறகு பிளேடுக்குள் பொடிப்பொடியாகத் துளை போட்டுக் காற்றை ஓடவிட்டார்கள். அந்தக் காற்றைப் போர்வை மாதிரி போர்த்திக்கொண்டு, தன்னை உருக்கக்கூடிய நெருப்புக்குள்ளேயே பிளேடு நின்றது. கடைசியில் ஒரு முழுப் பிளேடையே ஒற்றைப் படிகமாக வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். சாதாரண உலோகத்துக்குள் ஆயிரம் குட்டிப் படிகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டிய இடத்தில்தான் விரிசல் விழும். ஒட்டே இல்லாவிட்டால்?

பட்டறையில் இதை ஒரு நிபுணர் படம் போட்டு ஒரு மணி நேரம் விளக்கினார். வெளியே வந்ததும் ஹமீது நானா சொன்னார்: “சீனிக்கும் கல்கண்டுக்கும் உள்ள வித்தியாசம்தானப்பா. சரக்கு ஒண்ணுதான். கல்கண்டைக் கடிச்சாதான் பல்லு போவும். இதுக்கு ஒரு மணி நேரமா?”

முதன்முதலாக அந்தப் பெரிய விசிறி வைத்த எஞ்சினைப் பார்த்த நாளும் ஞாபகம் இருக்கிறது. பழைய ஜெட் எஞ்சின் இழுத்த காற்றையெல்லாம் கொளுத்தும், காது கிழியும். புதியதில் முன்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு விசிறி. அது தள்ளுகிற காற்றில் பெரும்பகுதி நெருப்புப் பக்கமே போகாமல் வெளியோடு வெளியாகப் போய்விடும். சத்தமும் குறைச்சல், எண்ணெயும் மிச்சம். ஹமீது நானா அதன் வாய்க்குள் நிமிர்ந்து நின்று, கையை விரித்து, “கல்யாணப் பந்தலே போடலாம் போலிருக்கே!” என்றார்.

ஆனால் எஞ்சின் வளர வளர அதன் பொறுமை குறைந்துகொண்டே வந்தது. பழைய பிஸ்டன் எஞ்சின் ஊர்ப் பெரியவர் மாதிரி. நாலு குற்றம் பொறுக்கும். புதியது ஒன்றைக்கூடப் பொறுக்காது. உள்ளே ஒரு சின்னத் திருகு கிடந்தால் போதும், பிளேடு வரிசையையே மென்று துப்பிவிடும். அதனால்தான் எங்கள் பட்டறையில் கருவிகளுக்கு அவ்வளவு கெடுபிடி.

பித்தளை வில்லை

ஒவ்வொரு ஆளிடமும் அவன் எண் பொறித்த பித்தளை வில்லைகள் சில இருக்கும். கருவி அறையில் ஒரு கருவியை எடுத்தால், அது இருந்த ஆணியில் உங்கள் வில்லையைத் தொங்கவிட வேண்டும். திருப்பி வைத்ததும் வில்லையை எடுத்துக்கொள்ளலாம். வேலை முடியும் நேரத்தில் ஆணியில் வில்லை தொங்கினால் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. கிடைக்கிறவரை எஞ்சினும் நகராது.

ஒருவன் வில்லையில் இன்னொருவன் கருவி எடுக்கக்கூடாது. அது பெரிய குற்றம். ஆனால் ஊர்க்காரர்கள் நாங்கள் செய்தோம். மலையாளிகள் அவர்களுக்குள் செய்தார்கள், நாங்கள் எங்களுக்குள். ‘நம்ம பையன்தானே’ என்ற தைரியம். அசலூரில் அந்தத் தைரியத்தில்தான் நாங்கள் பாதி நாள் வாழ்ந்தோம்.

அன்று குளிர்காலம். பட்டறைக் கதவு திறந்திருந்ததால் நான் வேலை உடுப்புக்கு மேல் என் சொந்த ஜெர்கினைப் போட்டிருந்தேன். அதுவும் கூடாத காரியம்தான். பிளேடு விளிம்பில் கீறல் பார்க்க எனக்கு லூப் தேவைப்பட்டது. லூப் என்றால் நகைக்கடையில் வைரம் பார்க்கக் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அந்தக் குட்டிப் பூதக்கண்ணாடி. என் வில்லைகள் எல்லாம் ஆணியில் இருந்தன.

“நானா, ஒரு லூப்பு எடுத்துக் கொடுங்களேன்.”

“ஏன், ஒன் வில்லையெல்லாம் அடகு வச்சுட்டியா?” என்று சிரித்துக்கொண்டே தன் வில்லையைப் போட்டு எடுத்துக் கொடுத்தார்.

அரை மணி நேரத்தில் ஆபீசிலிருந்து ஆள் ஓடிவந்தான். ஊரிலிருந்து போன். அப்பாவுக்குப் பக்கவாதம். வாயில் நுரை தள்ளிக் காரைக்கால் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அன்றே புறப்படும் விமானத்தில் ஹமீது நானாதான் யார் யாரையோ பிடித்து இடம் வாங்கினார். நான் கையில் இருந்த கருவிகளையெல்லாம் அவரிடம் கொடுத்தேன். முறுக்குச் சாவி கொடுத்தேன், டார்ச் கொடுத்தேன், இடுக்கில் பார்க்கும் குட்டி முகக்கண்ணாடி கொடுத்தேன். உடுப்பை மாற்றி, ஜெர்கினைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது அவரிடமிருந்து போன்.

“சுந்தரம், அப்பா எப்படி இருக்காங்க?”

“கண்ணு திறக்கலை நானா.”

“அல்லா காப்பாத்துவான். ஒண்ணுமில்ல, சும்மா கேக்குறேன். அந்த லூப்பை எங்கிட்ட கொடுத்தியா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்பா உள்ளே இழுத்துக்கொண்டு கிடக்கிறார், இவருக்கு லூப்பு!

“கொடுத்தேன் நானா! உங்க கையிலதான கொடுத்தேன். எல்லாத்தையும் சேர்த்துத்தான கொடுத்தேன்.”

“ஆமாமா, கொடுத்திருப்ப. நான்தான் எங்கயோ வச்சுட்டேன். நீ அப்பாவைப் பாரு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த நேரத்தில் நான் பொய் சொல்லவில்லை. கொடுத்ததாகத்தான் நினைத்தேன். சத்தியமாக. ஆனால் அவர் என் வார்த்தையை நம்பித் தன் கையைச் சந்தேகப்பட்டார். மேலதிகாரிகளிடம் என் பெயரையே எடுக்கவில்லை. தன் வில்லை, தான் எடுத்தது, தான் தொலைத்தது என்று எழுதிக் கொடுத்தார். பூட்டி முடித்த எஞ்சினை மறுபடி கடைசித் திருகுவரை பிரித்தார்கள். லூப் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அவரை வேலையை விட்டு நீக்கி, விசாவை ரத்து செய்து, ஊருக்கு அனுப்பினார்கள்.

ஜெர்கின் பை

ஊருக்கு வந்த மறுநாளே அவர் எங்கே போனார் தெரியுமா? எங்கப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடி. வேலை போனதைப் பற்றி நான் துருவித் துருவிக் கேட்டபிறகுதான் சொன்னார்.

“விடுப்பா. யானைக்கும் அடி சறுக்கும். எங்க வச்சேன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்குறேன், ஞாபகமே வரலை.”

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் திரும்பும் பயணத்துக்குத் துணி எடுத்து வைத்தேன். வந்த நாள் ஆணியில் மாட்டிய ஜெர்கின் அப்படியே தொங்கியது. நம்ம ஊர் வெயிலில் அதை யார் தொடப்போகிறார்கள்? மடிக்கும்போது உள்பையில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது.

எடுத்துப் பார்த்தேன். அந்த லூப்.

அப்போதும் நேரம் இருந்தது. ஒரு போன் போதும். ‘நான்தான் எடுத்துவந்துவிட்டேன்’ என்று ஒரு வரி. அவருக்கு வேலை திரும்பக் கிடைத்திருக்கும். எனக்குப் போயிருக்கும். அப்பா படுத்த படுக்கை. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். இதெல்லாம் காரணம்தான். ஆனால் காரணம் வேறு, நியாயம் வேறு. நான் பயந்தேன். அவ்வளவுதான் விஷயம். மறுநாள் அரசலாற்றுப் பாலத்தில் நின்று, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, லூப்பை ஆற்றில் போட்டேன்.

பட்டறைக்குத் திரும்பினேன். இரண்டு மாதத்தில் ஹமீது நானா பார்த்த வேலையை எனக்கே கொடுத்தார்கள். சம்பளமும் கூடியது. வேண்டாம் என்று சொன்னேனா? வாங்கிக்கொண்டேன்.

கீழவாஞ்சூர்

அவர் அதன்பின் விமானத்தைத் தொடவில்லை. நீக்கியதற்கான காரணம் தாளில் இருந்தது; எந்தப் பட்டறையும் சேர்க்கவில்லை. கொஞ்ச நாள் பஸ் ஒர்க்ஷாப். பிறகு கீழவாஞ்சூர்த் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்ற வரும் லாரிகளைப் பழுது பார்க்கும் ஷெட். நான் விடுமுறையில் வரும்போதெல்லாம் பார்ப்பேன். லாரிக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வருவார். கரித்தூள் படிந்த முகத்தில் பல் மட்டும் தெரியும். ஒற்றைப் படிகப் பிளேடில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்த கண் அது.

ஊர் சும்மா இருக்குமா? ‘எதையோ தொலைச்சுட்டு வந்தவர்’ என்றது. சிலர் ‘தொலைச்சாரா, வித்தாரா யாருக்குத் தெரியும்’ என்றுகூடச் சொன்னார்கள். என் காதுபடவே ஒரு கல்யாணப் பந்தியில் பேசினார்கள். நான் இலையைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டேன்.

அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை தடவை போயிருப்பேன்! அப்பா போனபிறகு, தங்கை கல்யாணத்துக்குப் பிறகு, நான் ஓய்வுபெற்று வந்தபிறகு. ஒவ்வொரு தடவையும் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். நாள் ஆக ஆக அது சொல்ல முடியாத விஷயமாக ஆகிவிட்டது. முதல் வாரம் சொல்லியிருந்தால் பிழை. இருபது வருஷத்துக்குப் பிறகு சொன்னால் துரோகம்.

பொறுத்துக்கிட்டேன்

இப்படியிருக்கும்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னப்பா பேசாம இருக்கே? பெருசா ஏதாச்சும் தப்பு பண்ணிட்டனா?” என்று சிரித்தார்.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு மனிதனுக்கு வாய்க்காது. வாசல்படி ஏறி வந்து, உட்கார்ந்து, கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் வா என்கிறார். தொண்டைவரை வந்தது. என் மனைவி காலித் தம்ளரை எடுக்க வந்தாள். அவள் முன்னால் எப்படி என்று ஒரு நொடி தயங்கினேன். அந்த ஒரு நொடியில் வந்தது உள்ளே போய்விட்டது.

“பொறுத்துக்கிட்டேன் நானா” என்றேன்.

என்ன வெட்கங்கெட்ட வார்த்தை! அவர் கண் கலங்கி, என் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் வந்ததும் சொல்லிவிடலாம், புண்ணிய யாத்திரை போகிறவரின் மனதை ஏன் கலைக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தெருமுனைவரை கூடப் போய் வழியனுப்பினேன்.

ஹஜ் கடமைகள் எல்லாம் முடித்து, ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது மக்காவில் அவர் இறந்துபோனார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பாக்கியவான் என்று பட்டினமே சொன்னது. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

இத்தா முடிந்த பிறகு

கணவரை இழந்த முஸ்லிம் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார்கள். வெளி ஆண்கள் போய்ப் பார்க்கக்கூடாது. அந்த நாட்களை நான் காலண்டரில் ஒவ்வொன்றாக அடித்தேன். முடிந்த மறுநாள் காலை, என் மனைவியையும் அழைத்துக்கொண்டு பட்டினத்துக்குப் போனேன்.

ஹமீது நானாவின் மனைவி ஜமீலா லாத்தா முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். லாத்தா என்றால் அக்கா. வெள்ளைத் துப்பட்டா. ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

“வாங்க தம்பி. வாம்மா, உட்காரு. அவங்க இருந்தா இந்நேரம் உங்களைக் கிண்டல் பண்ணி ஒரு வழி ஆக்கியிருப்பாங்க.”

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வில்லை, லூப், போன், ஜெர்கின், அரசலாறு. பக்கத்தில் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் அன்றுதான் தெரியும்.

லாத்தா கத்தவில்லை. மெதுவாகக் கேட்டார்:

“அப்ப, அவங்க தொலைக்கலையா?”

“இல்லை லாத்தா.”

“தொலைக்கவே இல்லையா?”

“இல்லை லாத்தா.”

அதன்பின்தான் அழுதார். அழுதுகொண்டே பேசினார்.

“வேலை போனதுக்கு நான் ஒரு நாளும் அழுவலை தம்பி. சோறு போடுறவன் அல்லா. ஆனா அந்த மனுசன் அதுக்கப்புறம் தன் கையைத் தானே நம்பலை. அடுப்பை அணைச்சுட்டு மூணு தடவை வந்து பார்ப்பாங்க. கதவைப் பூட்டிட்டு, ‘நீ ஒருக்கா இழுத்துப் பாரு புள்ள, என் கை மறதிக் கை’ன்னுவாங்க. சாப்பாட்டுல உட்கார்ந்தவங்க, லாரிக்கு நட்டு முடுக்குனேனா இல்லையான்னு பாதியில எழும்பி ஷெட்டுக்கு ஓடுவாங்க. பேரன் பொறந்தப்ப தூக்கவே இல்லை. எல்லாரும் தூக்குறாங்க, இவங்க தூரமா நின்னு பார்க்குறாங்க. ‘தூக்குங்களேன்’னா, ‘வேணாம் புள்ள, நழுவ விட்டுடுவேன்’னாங்க.”

என் மனைவி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“கடைசியா மக்காவுலேருந்து போன் பண்ணாங்க. காபாவை ஏழு சுத்து சுத்தணும். சுத்தி முடிச்சுட்டாங்க. கூடப் போனவங்க எல்லாரும் ஏழு ஆச்சுங்கிறாங்க. இவங்க, ‘ஆறுதான் சுத்தினேனோன்னு சந்தேகமா இருக்கு புள்ள’ன்னாங்க. சந்தேகம்னா ஒரு சுத்து கூடச் சுத்தினா போதும், தம்பி. மார்க்கத்துல அவ்வளவுதான். நானும் அதைத்தான் சொன்னேன். ‘இல்ல, எனக்கு எம்மேல நம்பிக்கை இல்ல, முதல்லேருந்து சுத்திடுறேன்’னு போனை வச்சுட்டாங்க. அந்தக் கூட்டத்துல, அந்தச் சூட்டுல மறுபடியும் ஏழு. முடிச்சுட்டுத்தான் உட்கார்ந்தாங்களாம். உட்கார்ந்தவங்க எந்திரிக்கவே இல்லை.”

கை கூப்பினேன். “பொறுத்துக்கங்க லாத்தா” என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என் ஹக்கை நான் பொறுத்துக்கிடலாம். அதுக்கே எனக்கு நாளாவும். இன்னிக்கு வாயில வரலை. அவங்க ஹக்கை நான் எப்படித் தர்றது? அதை அவங்க கையோட எடுத்துட்டுப் போயிட்டாங்க. நீங்க அங்க போய்த்தான் கேட்கணும்.”

வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

“தம்பி, நீங்க பத்திரிகையில எழுதுறீங்கல்ல? எழுதுங்க. ஒங்களைப் பத்தி என்ன வேணா எழுதிக்கிடுங்க, அவங்க பேரைப் போட்டு எழுதுங்க. இந்த ஊரு முழுக்கப் படிக்கட்டும்.”

எழுதுகிறேன், லாத்தா. திருமலைராயன்பட்டினம் அப்துல் ஹமீது எதையும் தொலைக்கவில்லை. அவர் கையிலிருந்து ஒரு பொருளும் நழுவியதில்லை. அவர் முதலில் சுற்றியதும் ஏழுதான்.